சாண்டோரினி: ஒரு விளிம்புக்கு இத்தனை கூட்டம்

2024 ஜூலையில், கிரேக்கத் தீவான சாண்டோரினியின் உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் முகநூலில் ஒரு வேண்டுகோள் போட்டார். அன்று சொகுசுக் கப்பல்களிலிருந்து மட்டும் 17,000 பேர் இறங்கப்போகிறார்கள், ஆகவே ஊர்க்காரர்கள் நடமாட்டத்தை முடிந்தவரை குறைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். விருந்தாளி வருகிறான் என்று வீட்டுக்காரனையே உள்ளே போய் ஒளியச் சொல்வதா என்று ஊர் கொதித்தது. பதிவை நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் அது உலகச் செய்தியாகிவிட்டது. தீவில் நிரந்தரமாக வசிப்பவர்களே ஏறத்தாழ 15,500 பேர்தான். கப்பல்காரர்கள் மட்டுமே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். விமானத்திலும் படகிலும் வந்து ஓட்டல்களில் தங்கியிருந்தவர்கள் தனிக்கணக்கு.

இப்படிப்பட்ட செய்திகளைப் படித்தால் தீவு முழுக்கத் தலைகளாகவே தெரியும் என்று தோன்றும். உண்மை வேறு. அதே ஜூலை மாதம், அதே மாலை நேரத்தில், தெற்கே எம்போரியோ ஊரின் பழைய கோட்டைச் சந்துகளில் நடந்தால் பூனைகள்தான் அதிகம் எதிர்ப்படும். மெகாலோகோரி ஊர்ச் சதுக்கத்தில் காப்பிக்கடை நாற்காலி சுலபமாகக் கிடைத்துவிடும். கூட்டமெல்லாம் மேற்குப் பக்கம், மலையின் விளிம்பில், சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நடைபாதையில் நிற்கிறது. அதுவும் நாளின் சில மணி நேரங்களில். அந்த இடத்தைத் தீர்மானித்தது ஓர் எரிமலை. நேரத்தைத் தீர்மானிப்பவை கப்பல் அட்டவணையும் சூரியனும். இந்த மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்று புரிந்துகொண்டால், ஊர்க்காரர்களின் எரிச்சல், அரசு போடும் புதிய கட்டணங்கள், போகிறவர் படும் அவதி எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கும்.

முதலில் எரிமலை. இன்றைக்குச் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்தில், இங்கே மனித வரலாற்றின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று நடந்தது. உள்ளே இருந்த குழம்பு வெளியேறியதும் மேலே இருந்த நிலம் உள்வாங்கி விழுந்தது, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. இன்று வரைபடத்தில் பார்த்தால் பிறை வடிவில் திரா என்ற முதன்மைத் தீவு, எதிரே திராசியா, நடுவில் பிற்கால வெடிப்புகளில் எழுந்த கருப்புத் தீவுகள். அவற்றில் ஒன்றான நேயா கமேனி கடைசியாக வெடித்தது 1950-இல். பள்ளத்தின் உள்சுவர் கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் செங்குத்தாக எழுகிறது. வெளிப்பக்கம், அதாவது கிழக்குப் பக்கம், நிலம் மெதுவாகச் சரிந்து கருமணல் கடற்கரைகளில் முடிகிறது. விமான நிலையம், வயல்கள், கமாரி, பெரிஸ்ஸா போன்ற கடற்கரை ஊர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

ஆனால் யாரும் அந்தச் சரிவைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டுவதில்லை. உலகம் பார்த்த சாண்டோரினி என்பது உள்சுவரின் உச்சி மட்டும்: ஃபிரா, ஃபிரோஸ்தெஃபானி, இமெரோவிக்லி, வடமுனையில் ஈயா. (ஆங்கிலப் பலகைகளில் ஈயாவின் பெயர் 'ஓ'வில் தொடங்கும். பேருந்தில் 'ஓயா' என்று கேட்டாலும் ஏற்றிக்கொள்வார்கள்.) ஒரு பக்கம் பாதாளம் என்பதால் இந்த ஊர்கள் அகலத்தில் வளர முடியாது. முதன்மைத் தீவின் பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர். அதில் விற்பனைக்கு இருப்பது ஒரு கோடு.

அடுத்தது கப்பல். எரிமலைப் பள்ளத்துக்குள் கடல் சில இடங்களில் கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆழம். நங்கூரம் போட வசதியில்லை. பெரிய கப்பல் வந்து ஒட்டி நிற்கும் மேடையும் ஃபிராவுக்குக் கீழே கிடையாது. கப்பல்கள் மிதவைகளில் கட்டிக்கொண்டோ, நிலையிலேயே மெல்ல இயங்கிக்கொண்டோ நிற்க, பயணிகளைச் சின்னப் படகுகளில் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து 200 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் ஊர். அதற்கு மூன்று வழி: கிட்டத்தட்ட 600 படிகள் ஏறி நடப்பது, கோவேறு கழுதை மேல் போவது, அல்லது கேபிள் கார்.

கேபிள் கார் என்றால் ஆறு சிறு கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். ஒரு தடவைக்கு 36 பேர். மேலே போய்ச்சேர மூன்று நிமிடம் போலத்தான் ஆகும், ஆனால் ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்குச் சில நூறு பேரைத்தான் ஏற்ற முடியும். ஒரே ஒரு பெரிய கப்பலில் மூவாயிரம், நாலாயிரம் பேர் வருகிறார்கள். ஒரே காலையில் நான்கைந்து கப்பல்கள் வந்து நின்றால் என்ன ஆகும் என்று மனக்கணக்காகவே பார்த்துவிடலாம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கப்பலிலேயே சுற்றுலாச் சீட்டு வாங்கியவர்களைக் காலையில் பழைய துறைமுகத்தில் இறக்குவதில்லை. தெற்கே அதினியோஸ் என்ற படகுத்துறையில் இறக்கி, கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பேருந்தில் மேலே ஏற்றி, ஈயாவையும் ஓரிரு இடங்களையும் காட்டிவிட்டு, கடைசியாக ஃபிராவில் விட்டுவிடுகிறார்கள். "கேபிள் காரில் இறங்கிக் கப்பலுக்கு வந்துவிடுங்கள்" என்பது ஏற்பாடு. ஆக, காலையில் கேபிள் காரில் ஏறி வந்தவர்களும், பேருந்தில் வந்தவர்களும் மாலையில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கடைசிப் படகுக்கு நேரம் குறித்திருப்பதால் பதற்றம் வேறு. நகைக்கடைகளுக்கு நடுவே வெயிலில் பாம்பு மாதிரி வளைந்து நிற்கும் அந்த வரிசையில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் கொஞ்சப் பேர் பொறுமையிழந்து படிகளில் இறங்குவார்கள். அந்தப் படிகளில்தான் கழுதைகளும் வரும். வழவழப்பான கல், மேலே சாணம், எதிரே பத்துக் கழுதைகள் வரிசையாக. சாதாரணச் செருப்போடு போனவர் பாடு திண்டாட்டம்தான்.

கழுதைச் சவாரி வேண்டாம் என்பது என் கருத்து. நாள் முழுக்க வெயிலில், நிழலில்லாத படிகளில் ஆளைச் சுமந்து ஏறும் பிராணிகளின் நிலை பற்றி வெளிநாடுகளில் பெரிய கண்டனம் எழுந்த பிறகு, 2018-இல் கிரேக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது: 100 கிலோவுக்கு மேலோ, பிராணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ சுமை ஏற்றக் கூடாது. படிக்கட்டின் உச்சியில் தராசு வைத்து யார் நிறுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்பது வேறு கேள்வி. கழுதைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சாலை வருவதற்கு முன் அரிசி, தண்ணீர், கட்டுமானப் பொருள் எல்லாம் மேலே வந்தது இந்தப் பிராணிகளின் முதுகில்தான்.

இப்போது சூரியன். கோடையில் இரவு எட்டரை மணி வாக்கில் அஸ்தமனம். ஈயாவின் முனையில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டையிலிருந்து அதைப் பார்ப்பது சாண்டோரினிக்குப் போனவர் தவறாமல் செய்யவேண்டிய சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஆறு மணிக்கே இடம் பிடிக்கத் தொடங்குகிறார்கள். ஏழரைக்குக் கோட்டையின் கைப்பிடிச் சுவரில் மூன்று வரிசையாக ஆட்கள். பின்வரிசையில் நிற்பவருக்குத் தெரிவது தூக்கிப்பிடித்த கைப்பேசிகளின் திரையில் ஓடும் அஸ்தமனம். சூரியன் மறைந்து கைதட்டி முடித்த அடுத்த நிமிடம் எல்லாரும் ஒரே சந்து வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு. இந்தச் சந்துகளில் சாதாரணமாகவே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

அதே சூரியன் அதே நேரத்தில் இமெரோவிக்லியிலும் மறைகிறது. தென்மேற்கு முனையில் அக்ரோதிரி கலங்கரை விளக்கத்திலும், தீவின் உச்சியான 567 மீட்டர் உயர எலியாஸ் மலையிலும் மறைகிறது. எலியாஸ் மலையிலிருந்து தீவு முழுவதும் கண்ணில் படும், பள்ளத்தின் வடிவம் அங்கிருந்துதான் சரியாகப் புரியும். இருந்தும் கூட்டம் ஈயாவுக்கே போகிறது என்றால், மக்கள் தேடிப் போவது அஸ்தமனத்தை அல்ல, ஏற்கனவே பார்த்த படத்தை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இத்தனை பணம் செலவழித்து வந்தவருக்கு அந்தப் படத்துக்குள் தானும் நிற்கவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. காற்றில் பறக்கும் நீண்ட கவுனை வாடகைக்குக் கொடுத்து, நீலக் குவிமாடத்துக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்துத் தருவது இங்கே ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. படத்துக்காக வீட்டுக் கூரைகளில் ஏறுகிறவர்களும் உண்டு. சாண்டோரினியில் ஒருவர் வீட்டுக் கூரை இன்னொருவர் முற்றமாக இருக்கும், எது பொது வழி எது தனியார் இடம் என்று புதியவருக்குத் தெரியாது. அதனால்தான் இது எங்கள் வீடு, மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் சந்துகளில் பலகைகள் தொங்குகின்றன.

அந்த வீடுகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீவில் மரம் கிடையாது. கெட்டியாக இறுகிய எரிமலைச் சாம்பல் நிறைய உண்டு. எனவே ஏழைகள் மலைச்சுவரைக் குடைந்து வீடு செய்துகொண்டார்கள். முகப்பு மட்டும் கட்டுமானம், உள்ளே நீளமான குகை, வளைவான கூரை. வெயிலில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு, செலவும் குறைவு. ஈயாவில் கப்பல் தலைவர்கள் மேலே சமதளத்தில் இரண்டு மாடி வீடுகளில் இருந்தார்கள். மாலுமிகளும் கூலிகளும் சரிவில் குகைகளில். காற்றும் வெயிலும் நேராக அடிக்கும், சரியும் மலைமுகப்பு அது, மதிப்பில்லாத மனை.

1956 ஜூலை 9-ஆம் தேதி அதிகாலை, அமொர்கோஸ் தீவுக்கு அருகே ஏற்பட்ட பெரிய நிலநடுக்கம் சாண்டோரினியைச் சிதைத்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடுகள் விழுந்தன. ஏற்கனவே நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரத் தொழில் படுத்திருந்த ஊர். எஞ்சியிருந்தவர்களில் பலர் ஏதென்ஸுக்கும் வெளிநாடுகளுக்கும் கிளம்பிவிட்டார்கள். ஈயா ஏறக்குறைய ஆளில்லாத இடிபாடாக நின்றது. 1970-களில் கிரேக்கத் தேசியச் சுற்றுலா அமைப்பு, கைவிடப்பட்ட குகைவீடுகளை எடுத்துச் சீரமைத்து விருந்தினர் இல்லங்களாக மாற்றும் திட்டத்தை ஈயாவில் நடத்தியது. பழைய ஊரை இடிக்காமல் காப்பாற்றிய நல்ல வேலை அது. ஆனால் தனியார் முதலீடு பின்னாலேயே வந்தபோது, தீவிலேயே மலிவாக இருந்த மனை தீவிலேயே விலை உயர்ந்ததாகிவிட்டது. மாலுமி படுத்துக் கிடந்த குகைக்கு முன்னால் இப்போது ஒரு குட்டி நீச்சல் குளம். ஆறோ ஏரியோ இல்லாத தீவு இது. ஒரு காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து ஆண்டு முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார்கள். இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடுகின்றன. அப்படியும் குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில்தான்.

வீடெல்லாம் ஓட்டலாகவும் குறுகிய கால வாடகை அறையாகவும் மாறிவிட்டால் வேலை செய்கிறவர் எங்கே தங்குவார்? இதுதான் தீவுக்குள் நடக்கும் நிஜமான சண்டை. மாற்றலாகி வரும் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் கட்டுப்படியாகும் வீடு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கோடை வந்ததும் காலி செய்யச் சொல்கிறார்கள். ஓட்டல்களில் வேலை செய்யும் பருவத் தொழிலாளர்கள் ஓர் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு தங்குகிறார்கள். தீவுக்கு இனி புதிதாக ஒரு படுக்கைகூடத் தேவையில்லை என்று மேயர் நிகோஸ் சோர்சோஸ் பல முறை சொல்லிவிட்டார். சுற்றுலாவை நம்பியே பிழைக்கும் ஊரின் மேயர் இப்படிப் பேசுவது அபூர்வம்.

அரசு என்ன செய்தது? முதலாவது, கப்பல் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 பேர் என்ற வரம்பு. மேயர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த எண் இது. எந்தக் கப்பல் எந்த நாள் வரலாம் என்பதை முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுத்து, 2025 முதல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது, இறங்கும் கட்டணம். 2025 ஜூலை முதல் சாண்டோரினியிலும் இன்னொரு சுற்றுலாத் தீவான மிகோனோஸிலும் கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை 20 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் 12, பனிக்காலத்தில் 4. கிரேக்கத்தின் மற்றத் துறைமுகங்களில் கோடையிலேயே 5 யூரோதான். மூன்றாவது, ஓட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நாடு முழுக்க வசூலிக்கும் 'காலநிலைக் கட்டணம்'. கோடை மாதங்களில் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கு 15 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5. அறை முன்பதிவு செய்யும்போது காட்டும் விலையில் இது பெரும்பாலும் இருக்காது, போன பிறகு கேட்பார்கள்.

இதில் எது வேலை செய்யும்? 20 யூரோவுக்காக யாரும் பயணத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அது கப்பல் கட்டணத்தில் கரைந்துவிடும், வருமானத்துக்கான வழி என்று சொல்லிவிட்டால் போதும். வரம்பும் நாள் ஒதுக்கீடும்தான் உருப்படியானவை, ஏனென்றால் நெரிசல் பிறப்பது ஒரே நாளில் ஐந்து கப்பல் வருவதில். ஆனால் 8,000 பேரும் காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குப் போனால் அந்தக் கேபிள் கார் வரிசை நீளம் குறைந்தபாடில்லை. கப்பல் பயணி ஊருக்கு விட்டுச்செல்லும் பணமும் குறைவு. மூன்று வேளைச் சாப்பாடும் படுக்கையும் கப்பலில், இங்கே ஒரு காந்தப் பொம்மை, ஒரு ஐஸ்கிரீம். கடைக்காரர்களில் சிலர் அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கப்பலை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, தாங்களே கட்டிக் குவித்த அறைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது ஓட்டல் முதலாளிகளுக்கும் வசதிதான். தீவுக்கு ஆண்டுக்கு வருபவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல். அதில் கப்பல் கூட்டம் பாதிக்கும் குறைவு.

2025 தொடக்கத்தில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழானது. ஜனவரிக் கடைசியிலிருந்து சாண்டோரினிக்கும் அமொர்கோஸுக்கும் இடையே கடலடியில் நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வந்தன, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். பள்ளிகள் மூடப்பட்டன. 11,000 பேருக்கு மேல் கூடுதல் படகுகளிலும் விமானங்களிலும் தீவை விட்டு வெளியேறினார்கள். பிப்ரவரி 6-ஆம் தேதி அவசர நிலை அறிவித்தார்கள். 10-ஆம் தேதி வந்த 5.3 அளவு நடுக்கம்தான் அந்தத் தொடரில் பெரியது. யாரும் இறக்கவில்லை. நிலத்தடியில் எரிமலைக் குழம்பு நகர்ந்ததே காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. தீவுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கடியில் கொலும்போ என்ற எரிமலை இருக்கிறது. 1650-இல் அது வெடித்தபோது நச்சு வாயுவால் தீவில் மக்களும் கால்நடைகளும் மாண்டார்கள். நடுக்கங்கள் ஓய்ந்துவிட்டன, கோடையில் தீவு திறந்தது. ஆனால் பயந்துபோன பயணிகள் பலர் அந்த ஆண்டு வேறு தீவுக்குப் போனார்கள். கூட்டம் தாங்கவில்லை என்று புலம்பிய ஊர், ஒரே பனிக்காலத்தில் கூட்டம் வருமா என்று கவலைப்படத் தொடங்கியது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நிற்கும் இடத்தின் தன்மை தெரிந்திருப்பது நல்லது. உள்சுவர் என்பது சாம்பலும் நுரைக்கல்லும் எரிமலைப் பாறையும் மாறி மாறி அடுக்கிய சுவர், கற்கள் சரிவது புதிதல்ல. அக்ரோதிரிக்கு அருகே உள்ள செந்நிறக் கடற்கரையில் பாறைச் சரிவு அபாயம் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போய்ப் பாறையடியில் துண்டு விரித்துப் படுப்பவர்களும் இருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தாலே அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும், அது போதும்.

அந்த வெண்கலக் கால வெடிப்பில் புதைந்த நகரம் கிடைத்த அக்ரோதிரிக்குப் போகாமல் திரும்பக் கூடாது. விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் தவறவிடுவதில் இதுதான் பெரியது. கதை சூயஸ் கால்வாயில் தொடங்குகிறது. தீவின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் அருமையான காரை கிடைக்கும். 1860-களில் கால்வாய் வேலைக்காக அதைக் கப்பல் கப்பலாக வெட்டி எடுத்தபோது, அடியில் பழங்காலச் சுவர்கள் தட்டுப்பட்டன. முறையான அகழாய்வு 1967-இல்தான் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாடோஸ் தலைமையில் தொடங்கியது. அவர் 1974-இல் அந்த அகழாய்வுத் தளத்திலேயே இறந்தார். வெளிப்பட்டது ஒரு முழு நகரம்: இரண்டு மூன்று மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய், ஆள் உயரத் தாழிகள். மரச்சாமான்கள் மக்கிப்போய்ச் சாம்பலில் அவற்றின் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் சாந்து ஊற்றி எடுத்தபோது கட்டில்கள் கிடைத்தன. ஆனால் மனித எலும்புக்கூடுகள் இல்லை. முன்னோடியாக வந்த நிலநடுக்கத்தில் எச்சரிக்கையடைந்து மக்கள் வெளியேறிவிட்டார்கள் என்பது பொதுவான முடிவு. அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குத்தான் பதில் இல்லை.

இங்கே 2005-இல் கூரையின் ஒரு பகுதி விழுந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். அதன்பின் மூடிய தளம் 2012-இல்தான் திறந்தது. இப்போது புதிய கூரையின் நிழலில் மரப்பாலங்கள் மேல் நடந்தபடி பார்க்கலாம், நண்பகல் வெயிலுக்கு உகந்த இடம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: புகழ்பெற்ற சுவரோவியங்கள் எதுவும் அங்கே இருக்காது. குத்துச்சண்டை போடும் சிறுவர்கள், வசந்த கால லில்லிப் பூக்கள் எல்லாம் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். மற்றவை ஃபிராவில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள அருங்காட்சியகத்தில். கேபிள் கார் வரிசையில் வேகும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் வாசலைக் கடந்துதான் போயிருப்பார்கள்.

அங்கே நீலக் குரங்குகள் என்றொரு ஓவியம் இருக்கிறது. பாறைகளில் தாவி ஏறும் குரங்குகள். குரங்கு கிரேக்கத்தில் கிடையாது, எனவே எகிப்து வழியாக அறிந்த ஆப்பிரிக்கக் குரங்கு என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2019-இல் விலங்கியலாளர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு, அவற்றில் சில வால் வளைவைப் பார்த்தால் லங்கூர், அதாவது இந்தியத் துணைக்கண்டத்து மந்தி என்று வாதிட்டது. சரி என்றால், சிந்துவெளிக்கும் மெசப்பொட்டேமியாவுக்கும் இருந்த வணிகத்தின் தொடர்ச்சி ஏஜியன் கடல் வரை எட்டியிருக்கிறது என்று பொருள். இல்லை, ஆப்பிரிக்கக் குரங்குதான் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், வாலைத் தூக்கி வளைத்துப் போகும் அந்த நடையைக் கோயில் மதில்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும்.

விளிம்பை விட்டு உள்ளே வந்தால் சாண்டோரினி ஒரு விவசாயத் தீவு என்பதும் தெரியும். பிர்கோஸ் பக்கம் போகும்போது கருஞ்சாம்பல் வயல்களில் தரையோடு தரையாகப் பச்சை வட்டங்கள் கிடக்கும். அவைதான் திராட்சைக் கொடிகள். பந்தல் இல்லை, கம்பி இல்லை. மெல்டெமி என்ற கோடைக் காற்று கொடியைப் பிய்த்து எறிந்துவிடும் என்பதால், கொடியையே சுற்றிச் சுற்றிக் கூடையாக முடைந்து தரையில் விட்டுவிடுகிறார்கள். குலைகள் கூடைக்குள் பத்திரமாகத் தொங்கும். மழை அற்பம். இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் மண் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி இந்த மண்ணில் வாழ முடியவில்லை. அதனால் கொடிகள் இன்னும் சொந்த வேரில் நிற்கின்றன, சில வேர்களுக்கு வயது நூறுக்கு மேல். அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சையின் புகழ் ஏற ஏற, தோட்டத்தின் பரப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஒரு துண்டு நிலத்தில் திராட்சை போடுவதைவிட நான்கு அறை கட்டினால் லாபம் என்ற கணக்குக்கு எந்த விவசாயி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

சைவம் சாப்பிடுபவர்கள் இங்கே திண்டாட வேண்டியதில்லை. ஃபாவா என்ற மஞ்சள் பருப்புக் கடையல் எல்லா உணவகத்திலும் உண்டு. ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள், தாளிக்காத நம்மூர் பருப்புக் கடையல் போலவே இருக்கும். அந்தப் பருப்பு நம் கேசரிப் பருப்பின் தாவரக் குடும்பத்தில் நெருங்கிய உறவு. தண்ணீர் பாய்ச்சாமல் விளையும் குட்டித் தக்காளியில் செய்த உருண்டைப் பொரியலும், கசப்பில்லாத வெள்ளைக் கத்தரிக்காயும் தீவுக்கே உரியவை. தக்காளிக் கூழ் அடைத்த தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் இங்கே பல இருந்தன. விலிஹாடா கடற்கரையில் அவற்றில் ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

போக நினைப்பவருக்கு இதையெல்லாம் வைத்துச் சில விஷயங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஷெங்கன் விசா வேண்டும், 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. கோடைக்கு நேர்காணல் நாள் கிடைப்பது கஷ்டம், முன்னதாகவே தொடங்குங்கள். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம், படகில் ஐந்திலிருந்து எட்டு மணி நேரம். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி பலமாக அடித்தால் வேகப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸுக்கு வந்துவிடுவது புத்திசாலித்தனம். மே மாதமும் செப்டம்பர் கடைசியும் நல்ல காலம். நவம்பருக்குப் பின் விலை விழும், ஆனால் விளிம்பில் பாதி ஓட்டல் பூட்டியிருக்கும்.

எந்த நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்ற துறைமுக அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. ஓட்டல் விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். கப்பல் அதிகமுள்ள நாளில் கிழக்குக் கடற்கரைக்கோ அக்ரோதிரிக்கோ திராசியாவுக்கோ போய்விட்டு, கப்பலில்லாத நாளில் ஃபிராவைச் சுற்றலாம். விளிம்பில் அறை எடுக்கப் பணமிருந்தால் ஓரிரவு போதும், மற்ற நாள்களுக்குக் கமாரியோ பெரிஸ்ஸாவோ பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். உள்ளூர்ப் பேருந்துகள் எல்லாம் ஃபிரா வழியாகத்தான் போகும், கமாரியிலிருந்து ஈயாவுக்கு நேர் வண்டி இல்லை, அங்கே மாற வேண்டும் என்பதை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிராவிலிருந்து ஈயா வரை விளிம்போடு போகும் ஒற்றையடிப் பாதை சுமார் பத்துக் கிலோமீட்டர். நிழலே கிடையாது, இமெரோவிக்லியைத் தாண்டினால் தண்ணீர் விற்கும் கடையும் அரிது. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு ஈயாவில் இருக்கலாம், சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிரம்புவதற்குள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அம்மூதி துறைக்குப் படியிறங்கிச் சாப்பிட உட்காரலாம்.